முன்பக்கம் முதலில் விழுந்த விக்கெட்

கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகள் திரும்பும் வளைவில் உமாமகேஸ்வரி மெஸ் நடத்துகிறாள். விழிதியூரில் நெல் விளைவித்த வீட்டுப் பெண். பத்தாவதோடு படிப்பு நின்றது. கிரேன் ஓட்டும் கணவர் அம்பலவாணன் யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அதைத் திறந்து, தூசி துடைத்து, புது டிஸ்க் மாட்டினாள். அந்த ஒரே பெட்டியிலிருந்து மூன்று டிவிக்குப் படம் போனது. முன் ஹாலில் லாரிக்காரர்கள், பின்கொட்டகையில் படகுக்காரர்கள், மாடியில் பிள்ளைகள். லாரிக் கூட்டமும் படகுக் கூட்டமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தட்டு பறக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மெஸ்ஸுக்கு ஆள் சேர்ந்ததே அந்தப் பெட்டியால். அது போனால் அடுப்பும் அணையும்.

முன் ஹாலுக்கு வயர் போட்டிருந்தாள். பின்கொட்டகைக்கு வைஃபை என்பதால் படம் சில விநாடி பிந்தி வரும். சாப்பிடுகிறவனுக்கு அது என்ன பெரிது என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். டிரைவர் கருப்பையன் தன் ஆட்கள் இரண்டு பேரோடு பின்கொட்டகைக்கே சாப்பிடப் போனான். காதில் போனை வைத்தபடி, படகுக்காரன் நீலமேகத்திடம் பந்தயம் கட்டினான். அடுத்த பந்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். தோற்கும் ஒவ்வொரு தடவையும் எதிராளி பக்கத்து எச்சில் இலை ஒன்றை எடுக்க வேண்டும்.

"சிக்ஸர்" என்றான் கருப்பையன். சிக்ஸர்தான். "இது ஃபோர்." ஃபோரேதான். அதற்கடுத்ததும் பலித்தது.

மூன்றாவது இலைக்கு நீலமேகம் குனிந்தபோது கருப்பையன் அதில் மீன்முள்ளைத் துப்பினான். "பாத்து மச்சான், கொழம்பு வழியுது."

நீலமேகம் இலையை அவன் முகத்தில் எறிந்துவிட்டு, ஐஸ் உடைக்கும் கட்டையோடு, பெட்டி இருந்த அடுப்படிக்குள் பாய்ந்தான்.

"எட்டி நில்லு அக்கா! நீதான் முன்னாடியே பாத்து அவனுக்குச் சொல்ற. பெட்டி ஒங்கையிலதான இருக்கு?"

"நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லலடா."

"லாரிக்காரன் காசு அவ்ளோ இனிக்குதா?"

"பெட்டிமேல கை வச்சா, கை இருக்காது."

கட்டை ஓங்கியது. அண்டா கிளறும் இரும்புக் கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கட்டை குறி தப்பிக் குழம்புச் சட்டியை நொறுக்கியது. வாசலில் நின்று சிரித்த கருப்பையனின் மூக்கை நீலமேகம் தலையால் முட்டி உடைத்தான். கீழே விழுந்த அவன் போனை உமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தியது.

"மாமா, அவுட்டு! அவுட்டுன்னு சொல்லு, சீக்கிரம்!"

வாசல் வழியே தெரிந்த பின்கொட்டகை டிவியில் பந்து வீசுகிறவன் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தான். பிறகு ஸ்டம்ப் பறந்தது.

"வயரு" என்றாள் உமா. "முன் ஹாலுல படம் மொதல்ல வருது. அங்கேருந்து இவனுக்குச் சொல்றானுங்க."

படகுக்காரர்கள் கருப்பையன்மேல் விழுந்தார்கள். அவன் தலை கிரைண்டர் விளிம்பில் மோதியது, காது கிழிந்தது. ஜாக்கி லிவரோடு முன் ஹால்காரர்கள் ஓடிவந்தார்கள். உமா கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தூக்கி அத்தனை பேர் காலடியிலும் பாதியை ஊற்றினாள். வெந்த கால்கள் துள்ளின.

"மிச்சம் இருக்கு. யாரு மூஞ்சின்னு பாக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை. அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

கருப்பையனின் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஓட்டியது அவன் ஆள். அடிபட்ட இருவருக்கும் நடுவில் கரண்டியோடு உமா.

"சோத்துக் கையாச்சே அக்கா" என்று முனகினான் நீலமேகம்.

"கூடுற வரைக்கும் கருப்பையன் ஊட்டிவிடுவான்."

"இவன் கையாலயா? பட்டினி கெடக்குறேன்."

"கெட."

மறுநாள் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, பின்கொட்டகைக்கும் வயர் இழுத்தாள். இரண்டு டிவியிலும் படம் ஒன்றாக வருகிறதா என்று மாறி மாறிப் பார்த்துச் சரி செய்தாள். சாயங்காலம் கதவைத் திறந்து, உலை வைத்துவிட்டு, பின்வாசலையே பார்த்தபடி நின்றாள். இருட்டும் நேரத்தில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நீலமேகம் வந்தான். பின்னால் அவன் படகு ஆட்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஸ்பூன் ஒண்ணு குடு" என்றான். "டிவியயும் போடு."