நான்ஸ்டாப்பும் அவர் அடக்கிய மருந்தும்

பஸ் டிப்போவில் அவருக்கு 'நான்ஸ்டாப்' என்று பெயர். ஓட்டிய காலமெல்லாம் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தியதே கிடையாது. யார் கெஞ்சினாலும் சரி, தனக்கே சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தாலும் சரி. "அடக்கத் தெரியாதவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்பார். இதற்கெல்லாம் ஒரு பெருமையா என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்றதும் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். நோய் போயிற்று, ஆனால் பாத்ரூமுக்கு ஓயாத ஓட்டம். மானம் போய்விடும் என்று மனிதர் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். சில வருஷம் கழித்துச் சிறுநீரில் ரத்தம் வந்தபோதும், "பழைய கரண்ட் சூடு, தண்ணி குடிச்சா தணிஞ்சிடும்" என்று செம்பு செம்பாகக் குடித்தார். துவைக்கிற துணியில் கறையைப் பார்த்த மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மூத்திரப்பையில் ஒரு கட்டி. ஆரம்பக் கட்டப் புற்றுநோய். உள்ளே கேமரா விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

"திரும்ப வராம இருக்க வாரா வாரம் பைக்குள்ள மருந்து விடுவோம். வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் அடக்கி வைக்கணும்," என்றார் டாக்டரம்மா. "இது கேக்கலைன்னா பையையே எடுக்க வேண்டி வரும். கரண்ட் பட்ட இடத்துல அந்த ஆபரேஷன் லேசு இல்ல."

"அடக்கறதா? என்கிட்டயா சொல்றீங்க?" என்று மீசையை நீவினார் நான்ஸ்டாப்.

முதல் மருந்து விட்ட அன்று, வீட்டுக்கு வந்த அரை மணியில் பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. மறுவாரமும் அதே கதைதான். ஆனால் நர்ஸ் கேட்டால் மட்டும், "ரெண்டு மணி நேரமும் இருந்தேன்மா!"

"யாரை ஏமாத்தறீங்க? பை போனா டாக்டருக்கா போகும்? எனக்குப் பயமா இருக்குங்க," என்று ஒரு நாள் மனைவி அழுதேவிட்டாள்.

அடுத்த வாரம், நாலு பேர் காத்திருக்கும் அறையில், அவராகவே வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, பொய் சொல்லிட்டேன். என்னால அடக்க முடியல."

எத்தனை வளைவுகளில் ஓட்டியவர்! இதைவிடக் கஷ்டமான வளைவு எதுவும் இருந்திருக்காது என்று மனைவிக்குத் தோன்றியது.

"கரண்ட் பட்டா பை சுருங்கிடும். இதுல உங்க தப்பு என்ன?" என்றார் டாக்டரம்மா. "காலையில என்ன குடிச்சீங்க?"

"தண்ணிதான். நாலு செம்பு. சூடு தணியட்டும்னு..."

"அடக் கடவுளே! வர்றதுக்கு முன்னாடி தண்ணியைக் குறைங்க. பை இறுகாம இருக்க மாத்திரையும் தர்றேன். முடிஞ்ச வரைக்கும் அடக்கினா போதும், முடியலைன்னா சொல்லுங்க."

அதன்பின் மருந்து நாட்களில் அவர் கட்டிலில் புரண்டு புரண்டு படுக்க, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பழைய ரூட்டைக் கேட்பாள். "பால் பண்ணை தாண்டியாச்சு. அடுத்து எது?"

"தண்ணித் தொட்டி. ஐயோ, அதை ஏன்டி ஞாபகப்படுத்தற!" சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக் கடைசி நிறுத்தம் வரை போய்ச் சேர்ந்தார்.

மருந்தெல்லாம் முடிந்து மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார்கள். "சுத்தமா இருக்கு. ஆனா விடாம வந்து பார்த்துக்கணும்," என்றார் டாக்டரம்மா. மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் ஆட்டோவைக் கூப்பிடப் போனவளை அவர் தடுத்தார். "பஸ்லயே போலாம்."

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம்; யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். பாதி வழியில் அவர் நெளிய ஆரம்பித்தார். மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவரோ எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"டிரைவர் தம்பி, எனக்கு அவசரம். வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா!"

வண்டி நின்றது.