வெள்ளைக்கரு வைத்தியம்

படுக்கைப் புண்ணைச் சுற்றி முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவுவது எங்கள் வார்டு வழக்கம். அது வீண், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தாலே புண் ஆறும் என்று நர்சுகளுக்கான பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. டூட்டி முடிந்து, கால் கடுக்க நின்றபடியே படித்தோம்.

“வார்டுக்கே ரெண்டு பேரு. எம்புட்டு ஆளத்தான் புரட்டுறது?” என்றார் மூத்த சிஸ்டர். இருந்தும் புரட்டினோம், முட்டையை நிறுத்தினோம்.

பக்கவாதத்தில் கிடந்த திருவாதவூர்க்காரரின் மனைவி கத்தினார்: “நான் கொண்டாந்த முட்டைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீகளா?”

சண்டைக்குத் தெம்பில்லாமல் முட்டையையும் தடவினோம். புண் ஆறியது. கிளம்பும்போது அந்த அம்மா வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்: “முட்டைதான் எங்க வீட்டுக்காரரக் காப்பாத்துச்சு.”

மறுநாள் ஏழு கட்டில்களுக்கு அடியில் முட்டை இருந்தது. புரட்டுவதற்கு நாங்கள் அதே இரண்டு பேர்தான்.