காட்டில் எடுத்த படமாம்!

‘பெரியாற்றங்கரைக் காட்டில் ஒரு விடியற்காலை’ என்று அந்தப் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். மலையாளத்தில்தான். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அதற்குள் தமிழைவிட மலையாளம் நன்றாக வாசிக்க வரும். அதனால், தப்பாக வாசித்துவிட்டோமோ என்று சந்தேகப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. காடாம்! பெரியாறாம்! நாற்பது வருடம் தாண்டிவிட்டது, இப்போதும் அந்த வரியை நினைத்தால் உடம்பு சூடாகிறது.

அந்தப் படம் எடுத்தது மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்து. அதில் இருக்கிற பிராணியை முதலில் பார்த்தவள் நான். அது இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறதே மத்தி, அது எங்கள் அம்மா மஞ்சளும் உப்பும் தடவிச் சட்டியில் மூடி வைத்திருந்த மத்தி. காட்டு மீன் மஞ்சள் பூசிக்கொண்டா அலையும்?

எங்கள் சந்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நிற்கும். முன்பக்கம் சுக்கும் மிளகும் வந்து இறங்கும் கிடங்குகள். பின்பக்கம் காயலில் போய்ச் சேரும் வாய்க்கால். அதைத் தோடு என்பார்கள். தோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கிடங்கு, அதன் அடியில் தோணி கட்டுகிற கல்படவு, அதாவது கல் படித்துறை. படவின் கீழே கற்கள் பெயர்ந்து ஓர் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒருநாள் காலையில் எங்கள் கொல்லைப் படியில் நான் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது, அந்த ஓட்டைக்கு முன்னால்தான் தண்ணீரிலிருந்து ஒரு தலை எழுந்தது. மீசை வைத்த தலை. தண்ணீரில் விழுந்த பூனை என்று நினைத்தேன். அப்புறம் இன்னொரு தலை. அப்புறம் மூன்றாவது. மூன்றும் சீட்டியடித்துக்கொண்டு காயல் பக்கம் போயின.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “பெருச்சாளிடீ அது. இந்த ஊரு சுக்கத் தின்னுத் தின்னு நாயளவுக்கு வளந்து நிக்குது. வாயக் கொப்புளிச்சுட்டு வா” என்றாள். அப்பா கிடங்கில் எடை போடுகிறவர். உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான்: “எடை போட்டுச் சொல்லு.” அன்றைக்கும் அதையே சொன்னார். மூன்று இருந்தன என்றேன். “மூணும் சேத்து எத்தன கிலோ?” என்றார். என்னை நம்பாததைக்கூட மன்னிப்பேன். இரண்டு பேரும் சிரித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு இருந்தார். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாஸ்போர்ட் படம். மாமாவின் கண்ணில் மனிதர்கள் கழுத்துக்கு மேல் மட்டுமே இருந்தார்கள். “ரெண்டு காதும் தெரியணும், அனங்கல்லே” என்பதைத் தூக்கத்திலும் சொல்வார். அசையாதே என்று பொருள். காடு என்றால் அவருக்கு ஸ்டுடியோவின் பின்சுவரில் தொங்கிய திரைச்சீலை. அதில் ஓர் அருவி, இரண்டு மான். மிருகம் பார்க்கவேண்டுமானால் தேக்கடிக்குப் பஸ் ஏறவேண்டும், அதற்கெல்லாம் பிறந்தவர்கள் வேறே என்று நினைத்திருந்தார்.

மறுநாள் காலை தோளில் துண்டோடு வந்து, “எங்கடி உன் பெருச்சாளி?” என்றார். கேட்ட வாய் மூடுவதற்குள் எதிர்ப்படவில் ஒன்று ஏறி உடம்பை உதறியது. மாமா ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மோ! குட்டி, இது நீர்நாய்! நம்ம தோட்டுலயா?”

அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஸ்டுடியோக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். முதல்நாள் எடுத்ததை மறுநாள் பத்து மணிக்கு அவசியம் கழுவியாகவேண்டும். மத்தியானமே ஆட்கள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு ஒன்பது முகம்தான் வந்ததென்றால் சுருளின் வாலில் மூன்று படம் மிச்சம். “வீணாப் போகுந்நது நீ எடுத்தோ” என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே மாமா இரவில் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவருவார். விடிந்ததும் அந்த மிச்சத்தை நீர்நாய்க்குச் செலவழிப்பார். சில நாள் மூன்று, சில நாள் ஒன்று. பன்னிரண்டு பேரும் துபாய்க்குக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு ஒன்றுமில்லை. வெறுங்கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கேமராவை மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஸ்டூலில் ஆடாமல் உட்காரும் மனிதர்களுக்கு அது பரவாயில்லை. நீர்நாய் இடப்பக்கம் போகும், மாமா கேமராவை வலப்பக்கம் திருப்புவார். திருப்பிக்கொண்டே, “அனங்கல்லே, அனங்கல்லே” என்று அதனிடம் கெஞ்சுவார். முதல் மாதம் முழுக்க விழுந்தது தண்ணீர்தான். ஒரு படத்தில் என் முழங்கால். முதலாளி ஒரு பிரிண்டைத் தூக்கிப் பிடித்து, “இதாரடா, துபாய்க்குப் போகுந்ந வெள்ளமோ?” என்று கேட்டாராம். மாமா அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இதில் என் பங்கு என்ன? தினமும் முதலில் எழுந்து படியில் கல்லாக உட்காருவது நான். கொசு கடித்தால் அடிக்காமல் இருப்பது நான். சட்டியிலிருந்து ஒன்றிரண்டு மத்தியை எடுத்து எதிர்ப்படவில் எறிவது நான். மீன் குறைவதை அம்மா கண்டுபிடித்து அகப்பைக் காம்பால் நாலு போட்டபோதும், மாமாவின் பெயரை வாயிலிருந்து விடாதவள் நான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வாய்க்கு ரகசியம் காக்கத் தெரியும்.

பக்கத்து வீட்டில் வலைக்கார சேட்டன் இருந்தார். எங்களோடு பேசும்போது மலையாளத்தில் தமிழைக் கரைத்துப் பேசுவார். மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் ஏறினால் என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற மனிதர். சாயங்காலம் தோடு காயலில் சேருமிடத்தில் வலை கட்டிவிட்டு வருவார், காலையில் எடுப்பார். அந்த வருடம் வலை வாரத்துக்கு மூன்று நாள் கிழிந்து வந்தது. உள்ளே மீன் தலைகள் மட்டும் கிடக்கும். அக்கரைப் பையன்கள்தான் வெட்டுகிறார்கள் என்று அவர்களோடு சண்டைக்குப் போனார். மூன்று பிள்ளைகளை அந்த வலைதான் வளர்த்தது. ஒருநாள் படியில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டே, “ஏது பிசாசாணு இதுன்னு ஒரு நாள் ஞான் அறியும். அன்னைக்கு அதின்ற கத கழிஞ்ஞு” என்றார். பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த மாமா கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயாவில் எறும்பு விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தது. பெரிய நீர்நாய் படவில் ஏறி, மத்தியை எடுத்து, கடிப்பதற்கு நடுவில் நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தது. விசா கிடைத்தவன் போல அப்படி ஒரு நேர்ப்பார்வை. குண்டுமணி மாதிரிக் காது, அதுவும் இரண்டும் தெரிந்தது. மாமா ‘அனங்கல்லே’ சொல்லவில்லை. ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. எடுத்தார்.

அது ஒரு வாரப்பத்திரிகைக்குப் போகிறது என்று தெரிந்ததும் நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் தோட்டு நீர்நாய் பேப்பரில் வரும், பாருங்கள் என்று. தோட்டில் நீர்நாயா என்று சிரித்தார்கள். வரட்டும், வரட்டும் என்று பொறுத்தேன். வந்தது. என் பெஞ்சில் உட்காருகிற பெண்தான் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வரியை வாசித்தாள். “பெரியார் காட்டிலாணல்லோ! நின்டெ தோட்டில் அல்ல. நுணச்சி!” நுணச்சி என்றால் புளுகி. மத்தியானக் கஞ்சி வரிசையில் நுணச்சி. மூத்திரத்துக்குப் போனால் நுணச்சி. மணியடித்து வெளியே வந்தால் கேட்டில் நுணச்சி.

வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடித்தேன். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா காடுன்னு போட்டிருக்கு?”

“நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். விடு குட்டி.”

“எதுக்கு?”

“எதுக்கோ. நீயும் யார்கிட்டயும் சொல்லாத.”

“எதுக்குன்னு சொல்லுங்க.”

“சின்னப் புள்ளைக்கு எல்லாத்தையும் சொல்லணுமா?” என்றார், சீப்பிலிருந்து முடியை எடுத்து எறிந்துகொண்டே.

சின்னப் பிள்ளை! விடியுமுன் எழுந்து உட்காரும்போது சின்னப் பிள்ளை இல்லை. அகப்பைக் காம்பு வாங்கும்போது சின்னப் பிள்ளை இல்லை. காரணம் கேட்டால் மட்டும் சின்னப் பிள்ளை. அன்று ராத்திரி அவரோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். அவர் கவனிக்கவேயில்லை, அதுவும் ஆத்திரத்தில் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சந்து முனைச் சாயாக்கடை. அப்பாவுக்குப் பால் வாங்கப் போனேன். பத்திரிகை கைமாறிக்கொண்டிருந்தது. மாமா பெஞ்சின் நடுவில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். நான்கைந்து பேரோடு வலைக்கார சேட்டனும் இருந்தார்.

“எடா, அவ்விடெ புலி உண்டோ?” என்று கேட்டார் சேட்டன்.

“புலி பார்க்கல சேட்டா. அட்டைதான். காலெல்லாம் ரத்தம்” என்றார் மாமா. சொல்லிவிட்டு வேட்டியை லேசாக உயர்த்தி, எங்கள் வீட்டுக் கொசு கடித்த தழும்பைக் காட்டினார்!

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கடிபட்ட கொசு அது. பால் தூக்கைக் கீழே வைத்தேன். “பொய்! காடும் இல்ல, அட்டையும் இல்ல. நம்ம தோட்டுல எடுத்தது. அது தின்னது எங்க வீட்டு மத்தி!” கடை சிரித்தது. “ஏய், வீட்டுக்குப் போ” என்றார் மாமா. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு வீரம் இன்னும் ஏறிவிட்டது. பத்திரிகையைப் பிடுங்கி, படத்தின் மூலையில் விரலை வைத்தேன். “இது என்ன? தோணி கட்டற வளையம். காட்டுல யாரு வந்து இரும்பு வளையம் அடிச்சாங்க?”

சிரிப்பு நின்றது. சேட்டன் பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த வளையத்தை அவருக்குத் தெரியாதா? வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். “புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுது சேட்டா” என்றார் மாமா. சேட்டன் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். என் பக்கம் குனிந்து, எவ்வளவோ அன்பாக, “மோளே, எவ்விடயாணு? காட்டித் தா” என்றார்.

காட்டிக் கொடுத்தேன். முன்னால் நான், பின்னால் சாயாக்கடை மொத்தமும். வழியில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எந்த ஓட்டை, எத்தனை தலை, எத்தனை மணிக்கு வரும், எந்த வழியாகக் காயலுக்குப் போகும், எந்த மீன் என்றால் உயிர் என்று கேட்காததையெல்லாம் சொன்னேன். எங்கள் படியில் நின்று விளக்கினேன். அப்பா கேட்டிருந்தால் எடைகூடச் சொல்லியிருப்பேன். சேட்டன் என் தலையைத் தடவி, “மிடுக்கி” என்றார், கெட்டிக்காரி என்று. பெண்கள், “சத்யமாணு!” என்றார்கள். மாமா மட்டும் கூட்டத்தோடு வரவில்லை.

‘சேட்டன் வலை’ என்று இரண்டே வார்த்தை. தலை வாரிக்கொண்டே சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பெண்ணுக்கு அது புரிந்திருக்கும். பல வருடம் கழித்து யாரும் சொல்லாமலே புரிந்ததே, அன்றைக்குச் சொன்னால் புரியாதா? வகுப்பு முழுக்க நுணச்சி என்று கத்தினாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். என்னை அந்த அளவுக்குக்கூட மதிக்காத மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் மட்டும்தானா உன் கோபத்துக்குக் காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது படவின் அடியில் ஓட்டை இல்லை. புதுச் செங்கல்லும் சிமெண்டும் ஈரமாகத் தெரிந்தன. ஆட்கள் கைகால் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே எது, வெளியே எது என்று நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் எல்லோரும் என்னை நடுவில் உட்காரவைத்துக் கதை கேட்டிருந்தார்கள். என் மனசு அங்கேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சேட்டனின் மனைவி வாழையிலைப் பொட்டலம் ஒன்றோடு வந்தார். உள்ளே மூன்று பெரிய கரிமீன். “மோள்க்காணு. இன்னைக்கு வல கிழியாம கிட்டி” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அம்மா மிளகு அரைத்துப் புரட்டிப் பொரித்தாள். வாசனை சந்து முழுக்கப் போயிற்று. அப்பா சாப்பிட்டார், அம்மா சாப்பிட்டாள். மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கி, மீனைத் தொடாமல் எழுந்து கை கழுவினார். பொய் பிடிபட்டுவிட்டால் மனிதனுக்குச் சோறு இறங்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பேசலாம். அவர் தட்டை என் பக்கம் இழுத்து, அந்த மீனையும் நானே முள் எடுத்துத் தின்றேன்.