ஃபேன் கிண்ணத்துக் குருவிகள்

சென்ற வாரம் எங்கள் ஃபிளாட்டில் ஃபேனைப் பழுதுபார்க்க ஓர் எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். வேலை முடிந்ததும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் சுவிட்சில் விரலை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். சரியாக மாட்டவில்லையோ என்று அவரும் பதறி அண்ணாந்தார். ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். குருவி இருக்கிறதா என்று பார்த்தேன் என்று தஞ்சாவூரில் நாலாவது மாடியில் நின்றுகொண்டு சொன்னால், மனிதர் கூலிகூட வாங்காமல் இறங்கிப் போயிருப்பார்.

உங்களிடம் சொல்லலாம். அப்போது குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சம்பா அறுப்பில் முதலில் அறுக்கும் கதிர்களைக் கொத்தாகப் பின்னி வாசல் நிலையில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அழகுக்கு அழகு, குருவிக்குச் சாப்பாடு. ஆனால் ஒரு வருஷம் அம்மா அதை வாசலில் கட்டவில்லை. கூடத்து உத்தரத்தில் இருந்த தொட்டில் வளையத்தில் கட்டினாள்.

அதற்கு முந்தின வருஷம்தான் அக்காவுக்குத் தலைப்பிரசவம். தொட்டில் போடும் நாள் வருவதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கா மன்னார்குடிக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். வளையம் மட்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் இனிமேல் வேண்டாம் என்று நாமே சொன்னது போல ஆகிவிடும். விட்டுவைத்தால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கண்ணில் படும். அம்மா கதிரைக் கட்டி அதை மறைத்தாள். அந்தத் தை மாதம் முழுக்கக் கூடத்தில் புது வைக்கோல் வாசனை. இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் வயல் நினைவுக்கு வருவதில்லை, அம்மா முக்காலியில் ஏறி நின்றதுதான் வருகிறது.

வாசலில் கட்டியிருந்தால் குருவிகள் வாசலோடு போயிருக்கும். நாங்கள்தான் உள்ளே விருந்து வைத்துவிட்டோமே. ஜன்னல் வழியாக ஒரு ஜோடி வந்தது. நெல்லை உரித்து அரிசியை விழுங்கிவிட்டு உமியை எங்கள் தலையில் போட்டது. ஆணுக்குத் தொண்டையில் கறுப்புத் திட்டு. அது ஃபேன் இறக்கையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணும், பெண் வைக்கோல் சுமக்கும். எங்கள் அப்பாவைக் கிண்டல் பண்ண அம்மாவுக்கு இது ஒன்று போதுமானதாக இருந்தது. பங்குனி முடிவதற்குள் ஃபேன் கம்பியின் உச்சியில் இருந்த கிண்ணத்தில் கூடு தயார்.

சித்திரையில் அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஓட்டு வீடு கொதிக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி வேகிறாளே என்று அம்மா, கூட்டைக் கலைத்து ஃபேனைப் போடச் சொன்னாள். நான் முக்காலியில் ஏறினேன். பாயில் படுத்திருந்த அக்கா கத்தவில்லை, தணிவாகத்தான் சொன்னாள்.

"இறங்குடா. அதோட வீட்டக் கலைச்சிட்டு எனக்குக் காத்து வேணாம்."

இறங்கிவிட்டேன். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். அதன்பிறகு அந்தக் கூடமே குருவிகளின் பொறுப்பில் வந்தது. நான் அப்போது ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் சட்டைப்பையில் நொய் கொண்டுவருவேன். அக்கா அதை ஜன்னல் விளிம்பில் தூவுவாள். கொல்லையிலிருந்து தவிட்டுக்குருவிகளும் கூட்டமாக வந்துவிடும். அவை போடும் சத்தத்தைக் கேட்டு அவற்றுக்குப் பஞ்சாயத்துக்காரர்கள் என்று பெயர் வைத்தாள். முந்தின வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதற்காகவே நொய்யை அள்ளிக்கொண்டு ஓடிவருவேன். கூட்டில் குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

"இதுங்க நல்லபடியா பறந்துட்டா, எனக்கும் நல்லபடியா ஆயிடும்னு தோணுதுடா."

குருவியை நம்பி இப்படி ஒரு பாரத்தை வைப்பார்களா? அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் அக்காவைப் பார்க்க வந்தார். வேர்த்து ஒழுக உள்ளே நுழைந்தவர், என்ன பிளாஸ்திரி இது என்று பிய்த்துவிட்டு சுவிட்சில் கை வைக்கப் போனார். கூட்டைக் கலைக்கச் சொன்ன அதே அம்மா, கையில் கரண்டியோடு பாய்ந்து சுவிட்சை மறைத்து நின்றாள். மாப்பிள்ளை எதிரில் நின்று பேசாதவள் அவள்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. மேல குஞ்சு இருக்கு" என்று பனை விசிறியை நீட்டினாள்.

அத்தான் மேலே பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு விசிறியை வாங்கி, அக்காவுக்கு விசிறத் தொடங்கினார். அன்று முழுக்க அவர் சட்டை காயவே இல்லை.

வைகாசிக் கடைசியில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. கடைசிக் குஞ்சு கதிர்க் கொத்தில் தொற்றிக்கொண்டு வெகுநேரம் யோசித்தது. நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அது ஜன்னலைத் தாண்டியதும் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரம் அவளுக்குப் பெண் பிறந்தது. அம்மா கதிரை அவிழ்த்து வாசலில் கட்டிவிட்டு, வளையத்தைத் துடைத்துத் தொட்டில் போட்டாள்.

அந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. அதன் இடத்தில் கான்கிரீட் வீடு நிற்கிறது, கூரையில் வளையம் கிடையாது. அறுப்புக்கு மெஷின் இறங்கிவிட்டது. கதிரைப் பின்னிக் கட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய்க் கையால் அறுத்தால்தான் உண்டு. பொங்கலுக்குக் கும்பகோணத்துக் கடையில் ஒரு கொத்து வாங்கிவந்து பால்கனியில் கட்டினேன். இப்போது ஆடி மாதம், அதில் ஒரு நெல்மணி குறையவில்லை. அம்மா இல்லை. போன மழைக்காலத்தில் அக்காவும் போய்விட்டாள்.

நேற்று அக்கா மகள் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஆபீஸ் விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். பேசிக்கொண்டே ஃபேன் சுவிட்சில் கை வைத்தவள், ஒரு கணம் நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போட்டாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"தெரியல மாமா. அம்மா பாப்பாங்க, எனக்கும் வந்துடுச்சு."

இதை உடனே அக்காவிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. பேசி வைத்த கையோடு அவள் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.