தேவனூர் நாட்டுக்கு விதை கேட்டுப் போனேன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். கரி வாயுவில் ஓட்டுவதற்காக வண்டியின் பின்புறம் கரி அடுப்பு கட்டியிருந்தார்கள். கட்டணம் பன்னிரண்டு அணா. முப்பத்திரண்டு மைல் போக நாலு மணி நேரமாயிற்று. மேடு வந்த இரண்டு இடங்களில் எங்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள்.

என் மடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு படி சாமை விதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிளகு வியாபாரி எங்கே போகிறேன் என்று விசாரித்து, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க, கொல்லிமலைக்கே சாமை கொண்டு போறீங்களா? கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையா இருக்குதுங்களே!”

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

நான் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளன். அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போனவன். என் சிறு வயதில் அப்பாவின் சோளக் காட்டில் கரிப்பூட்டை நோய் விழுந்து, இரண்டு வருஷம் கதிரெல்லாம் கறுத்துப் போயிற்று. விதையை மருந்தில் புரட்டி விதைக்கச் சொல்லிக்கொடுத்தவர், இதுபோன்ற ஒரு நிலையத்திலிருந்து வந்த ஆள்தான். மூன்றாம் வருஷம் வீட்டில் சோறு இருந்தது. படித்தால் இதைப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், மலைச் சாமை ரகங்களைச் சேகரிக்க நிலையம் என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பியது. மலையில் பல ஊர் சேர்ந்த வட்டாரத்தை நாடு என்பார்கள். அப்படித் தேவனூர் நாட்டில் ஒரு சிற்றூர். வெள்ளையம்மாள் என்ற பெண்ணிடம் ‘மூணுமாசச் சாமை’ என்ற விதை இருந்தது. மற்றச் சாமைகள் அறுப்புக்கு வர ஐந்து மாதம் ஆகும். இது ஆவணியிலேயே, வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் சமயத்தில், விளைந்துவிடும். அந்த ஊரில் அது அவளிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆராய்ச்சிக்கு நிறைய வேண்டும் என்று கேட்டேன். வைத்திருந்ததில் பாதிக்கு மேல் அளந்து கொடுத்தாள்.

“அடுத்த வைகாசிக்கு இதையே பெருக்கி ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து தருவோம்” என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

நிலையத்தில் அந்தச் சாமையைச் சமவெளிச் சாமையோடு கலந்து புதிய ரகம் உண்டாக்கினார்கள். கதிர் பெரிது, விளைச்சல் அதிகம். எங்கள் நிலையத் தலைவருக்கு மாலை மரியாதைகள் நடந்தன. தாய் விதை சமவெளியில் சரியாக விளையவில்லை என்று அந்தப் பாத்தியை அழித்தார்கள். கிடங்கில் மிஞ்சியது நிலையத்துக் கோழிகளுக்குப் போயிற்று. இப்போது புதிய ரகம் மழை தவறினால் தாங்கவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் தாய் விதை வேண்டும். “உமக்குத்தான் வழி தெரியுமே” என்று தலைவர் என்னை அனுப்பினார். கையில் புதிய ரகத்தில் இரண்டு படி, அன்பளிப்பாக.

பத்தரை மணிக்கு நாமக்கல். அங்கிருந்து சேந்தமங்கலம் ஏழு மைல், குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய். இரவு அங்கே ஒரு சத்திரத்தில் தங்கினேன்.

புதன்கிழமை விடியுமுன் மாட்டு வண்டியில் கிளம்பி, எட்டு மணிக்கு அடிவாரத்துக் காரவள்ளியை அடைந்தேன். அதற்குமேல் சக்கரம் போகாது. சுமை தூக்கப் பெரியண்ணன் என்ற, அதே தேவனூர் நாட்டு மலைக்காரர் கிடைத்தார். ஒரு நாளைக்கு எட்டணா கூலி. ஏற்றம் எத்தனை மைல் என்று கேட்டேன்.

“மைலெல்லாம் தெரியாதுங்க. ரெண்டு எடத்துல தண்ணி, மூணு எடத்துல மூச்சு வாங்கும். அவ்வளவுதானுங்க.”

சொன்னது சரியாகவே இருந்தது. மூங்கில் காட்டைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. பன்னிரண்டு மணிக்குச் சோளக்காடு. சந்தை நாள் இல்லை. கடை ஒன்றுதான் திறந்திருந்தது. பலாச்சுளை காலணாவுக்குக் கை நிறையத் தந்தார்கள். அங்கிருந்து தேவனூர் நாட்டுக்கு மேலும் ஐந்தாறு மைல் ஏறி இறங்கி நடந்தோம்.

நாலு மணிக்கு அந்த ஊர் தெரிந்தது. சரிவெல்லாம் விதைப்புக்குத் தயாராக உழுது கிடந்தது. வெள்ளையம்மாள் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வீட்டுக்குள் ஓடினாள். வெளியே வந்தபோது கையில் ஒரு முறம், துடைத்த ஈரத்தோடு.

“வாங்க சாமி! வெதை வந்துருச்சுங்களா? நா சொன்னேனே, வந்துரும்னு!” என்று மூச்சு வாங்கியபடியே பெரியண்ணனிடம் சொன்னாள். “காட்ட ரெண்டு வருசமா அதுக்குன்னே உழுது போட்டு வெச்சுருக்கறனுங்க.”

பெரியண்ணன் சுமையை இறக்கினார். பையை நானே பிரித்து முறத்தில் கொட்டினேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். இன்னொரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் திருப்பினாள்.

“இது நம்முளுது இல்லீங்களே.”

“இதுவும் நல்ல ரகம் அம்மா. விளைச்சல் அதிகம்.”

“எத்தன மாசமுங்க?”

“ஐந்து.”

“அஞ்சு மாசத்துச் சாமை இங்க ஊட்டுக்கு ஊடு இருக்குதுங்க. ஆவணியில அடுப்பெரிய வேணுமில்லீங்களா?”

பிறகு நடந்ததைச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வந்துபோன வருஷமே, கையிலிருந்த மிச்ச விதையை விதைத்திருக்கிறாள். முளைத்த பிறகு இருபது நாள் மழை இல்லை. எல்லாம் கருகிவிட்டது. எனக்குக் கொடுத்தது கையிருப்பில் இருந்திருந்தால் மறுபடி விதைத்திருக்கலாம். ஆவணியில் வீட்டில் ஒன்றுமில்லை. அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்த விதைக் கேழ்வரகைத் தின்றார்கள். புருஷன் கீழ்நாட்டுக்கு ரோட்டுக்கல் உடைக்கப் போனவன், இப்போதெல்லாம் அறுப்புக்கு மட்டும் வருகிறான்.

“உங்ககிட்ட நம்முளுது கொஞ்சமாச்சும் இருக்குமில்லீங்களா? அத்தனை குடுத்தனே.”

“இல்லை அம்மா. உங்களிடம் இருக்குமா என்று கேட்கத்தான் வந்தேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெரியண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சோளக்காட்டுக் கடைக்காரர்கிட்டச் சொல்லிக் கடுதாசி எழுதிப் போட்டேனுங்களே. வந்துச்சுங்களா?”

வந்தது. வெதை கருகிப்போச்சு, ஒரு படியாவது அனுப்புங்க என்று பென்சிலில் எழுதியிருந்தது. அப்போது கிடங்கில் தாய் விதை இருந்தது. கோழிக்கு இன்னும் போகவில்லை. தலைவர் ஓரத்தில் ‘பதில் தேவையில்லை’ என்று சிவப்புப் பென்சிலால் குறித்தார். அதைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தது நான்.

“வரவில்லை அம்மா” என்றேன்.

“தபால்காரன் எங்கியோ தொலைச்சுருப்பான்” என்றாள். “நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்.”

அன்று மாலை கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டேன். மறுத்திருந்தால் இன்னும் கேவலம். புதிய ரகத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “கெடக்கட்டுமுங்க, கீழ யாருக்காச்சும் ஆகும்” என்று திரும்பப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். ஒரு மணி கூடச் சிந்தவில்லை.

வியாழக்கிழமை இறங்கினோம். காரவள்ளி வரும்வரை பெரியண்ணன் பத்தடி முன்னாலேயே நடந்தார். கூலியை வாங்கிக்கொண்ட பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தக் கடுதாசி வந்துச்சுதானுங்களே?”

பதிலுக்குக் காத்திராமல் மலைப் பாதையில் திரும்பி ஏறத் தொடங்கினார்.

நிலையத்துக்குத் திரும்பி, நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தையும் குறிப்பிட்டிருந்தேன். தலைவர் படித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. “இது அறிக்கை ஐயா, பிராயச்சித்தம் அல்ல” என்று சொல்லி, நாலு வரியில் வேறொன்று சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். மலைவாசிகளின் கவனக்குறைவால் மேற்படி ரகம் அழிந்துவிட்டது. இனி இத்தகைய விதைகளைக் காக்கும் பொறுப்பை ஆராய்ச்சி நிலையங்களே ஏற்க வேண்டும். அதற்காக நமக்கு இன்னொரு கிடங்கு தேவை என்பது அதன் சாரம்.

கிடங்கு கட்டிவிட்டார்கள். நல்ல கட்டடம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சுற்றிக் காட்டுகிறேன். அந்த நாலு வரி அறிக்கையைக் கண்ணாடி போட்டு வாசலருகே மாட்டியிருக்கிறார்கள். அடியில் இருப்பது என் கையெழுத்து.