ஒரு மூடி மருந்து, அரை டம்ளர் வெந்நீர்

எனக்கு நாய் மூக்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அடுத்த தெருவில் பால் பொங்கி வழிந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தேன். அவர் அங்கிருந்து மாமல்லபுரம் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

கண்டக்டருக்கு வாய்க்கு ஓய்வே கிடையாது. ஊர்ப் பெயரைக் கத்த வேண்டும், சில்லறைக்குச் சண்டை போட வேண்டும், டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் விசில் வேறு. கண்டக்டரே பீடி பிடித்தால் யாரைத் தடுப்பது என்று, இடது கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு புகையிலையை அடக்கியிருப்பார்.

ஒருநாள் மாமல்லபுரத்தில் கூடையோடு ஏறிய மீன்காரம்மா, அவர் குனிந்து டிக்கெட் கேட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா அண்ணாத்த, என் கூடையே தேவலாம் போல கீதே" என்றாளாம். பஸ்ஸே சிரித்ததாம். அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானமே போய்விட்டது. அவர் மானமா உன் மானமா என்று கேட்டால், என்னுடையதுதான். நான் குடித்தனம் நடத்துகிற வீட்டிலிருந்து போகிற ஆள் நாறுகிறார் என்றால் பேச்சு யாருக்கு?

மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் வாய் கொப்பளிக்கிற மருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் பலர் இன்னும் பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் மருந்தில் தினமும் கொப்பளிக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதில் எனக்குக் கர்வம்கூட. காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை. ஒரு மூடி மருந்து, அரை டம்ளர் வெந்நீர். நானே கலந்து கொடுத்து, கிணற்றடியில் நின்று அறுபது எண்ணுவேன். நடுவில் துப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. கன்னம் உப்ப நின்றுகொண்டு கண்ணாலேயே கெஞ்சுவார், நான் அசைய மாட்டேன். மத்தியானத்துக்கு ஒரு சின்னப் புட்டியில் ஊற்றித் தோல்பைக்குள் வைத்துவிடுவேன். மாமல்லபுரத்தில் பஸ் திரும்புகிற இடைவெளியில் டீக்கடைக்குப் பின்னால் போய்க் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்த டிரிப். வாய்க்கு அபிஷேகம் ஆயிற்றா என்று டிரைவர் கிண்டல் செய்வாராம்.

பத்தே நாளில் நாற்றம் போனது. புகையிலையை விடச் சொன்னேனா என்றால், சொன்னேன், ஒப்புக்கு. வாடை அடிக்காத புகையிலை என்னை என்ன செய்தது?

அடுத்த வருஷம் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. விசில்தான் உரசுகிறது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். வேறு விசில் வாங்கி, வலது பக்கம் வைத்து ஊதப் பழகிக்கொண்டார். புண் ஆறவில்லை. மருந்து பட்டால் உயிர் போகிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வரட்டுமா என்று அவரேதான் கேட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

என் பிறந்த வீட்டில் மாட்டுக்குப் புண் வந்தால் முகர்ந்து பார்ப்பார்கள். வாடை இல்லாவிட்டால் ஆறுகிறது என்று அர்த்தம். நானும் அவர் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தேன். மருந்து வாசனைதான் வந்தது.

"எரிஞ்சாத்தான் ஆறும். நாத்தம் இல்லாத புண்ணுக்கு ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்றேன். அன்றிலிருந்து ஒரு மூடியை ஒன்றரை மூடியாக்கினேன்.

சோற்று உருண்டை நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். இவ்வளவு முற்றியிருக்கிறதே, நாற்றம் அடித்திருக்குமே, அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்டார். நாற்றமே இல்லை டாக்டர், மூன்று வேளையும் கொப்பளிக்க வைக்கிறேன் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். சொல்லும்போது குரலில் அந்தப் பழைய கர்வம் இருந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மருந்து நாற்றத்தைத்தான் எடுக்கும், கட்டியை எடுக்காதம்மா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பிறகு அவர் பக்கம் திரும்பி, புண் வந்ததுமே ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

"அவ சொல்லிக்கினேதான் இருந்தா. நாந்தான் வரல" என்றார் என் வீட்டுக்காரர். பாதி திறந்த வாயால் அதைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

நான் மறுக்க வாயெடுத்தேன். மேஜைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி, "நான் போய்ட்டா, நம்ம சனங்க நடுவுலதான நீ இருக்கணும்" என்றார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். பேச்சு நின்ற பிறகு, யாராவது கேட்டால் என்னைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டு, தன் தலையில் அடித்துக்கொண்டு காட்டினார். இவள் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போன எட்டாவது மாதம் போய்விட்டார். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

எடுத்துக்கொண்டு போன பிறகு அவருடைய அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ எம்மாந்தூரம் சொன்ன, அவன் கேக்கலியேம்மா" என்று அழுதாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தன் தம்பியைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டை, தான் சாகும்வரை அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நான் இல்லை என்று சொல்லவில்லை.