மூன்றாவது அடி

அண்ணனை நான் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திருச்சுழி ரோட்டை ஒட்டிய எங்கள் காட்டில். அதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே கடைத்தெருவில் கைகலப்பு என்றால் விலக்கிவிட என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாதுவான ஆள் என்று பெயர். நானும் அதை நம்பியிருந்தேன்.

அப்பா இறந்தபின் நிலத்தை இரண்டாகப் பிரித்திருந்தோம். மக்காச்சோளம் விதைக்க முதல் மழை பெய்ததும் அண்ணன் டிராக்டர் விட்டு உழுதிருந்தார். நடு வரப்பையும் சேர்த்து, என் பக்கம் நாலடி உள்ளே வரை.

"என்னண்ணே, வரப்பக் காணோம்?"

"வருசத்துக்கு நாலு நா வாரவனுக்கு வரப்பு எங்கன இருந்தா என்னலே."

கழன்று கிடந்த மண்வெட்டிப் பிடி என் காலடியில் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அது கோபத்தில் அடித்தது. இரண்டாவதைத் தடுக்க அவர் இடது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பிடி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அத்தோடு கோபம் போய்விட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரிசல் மண்ணில் விழுந்து கிடந்தவரை மூன்றாவது முறை அடித்தபோது எனக்குள் கோபம் துளியும் இல்லை. காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அப்புறமும் ஓங்கினேன். காட்டின் மறுகோடியில் இன்னும் உழுதுகொண்டிருந்த டிராக்டர்காரர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துப் புரட்டித் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது அண்ணன், "பைக்குல விழுந்துட்டேன்" என்றார். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை.

கைக்கட்டைப் பிரிப்பதற்கு முன் ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். எழுந்திருக்கச் சொன்னார்.

"வரப்ப நான் வெட்டுனது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அடிக்கையில ஒம் மூஞ்சியப் பாத்தேன். நீ சிரிச்சுக்கிட்டு இருந்தலே."

 வரப்பைப் பழைய இடத்திலேயே போட்டுக் கொடுத்தார். நிலம் கிடைத்துவிட்டது. தம்பி என்று மட்டும் அதற்குப்பின் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவியிடம் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவள் பதறுவாள், அப்படியெல்லாம் இருக்காது என்பாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"போன வருசம் வீட்டுக்குள்ள பாம்பு வந்துச்சுல்ல. அது செத்துப் போயி, கூழா ஆனபெறகும் அடிச்சுக்கிட்டே இருந்தீக. நான் போதும் போதும்னேன். ஒங்களுக்குக் கேக்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு" என்றாள்.